அலர்ஜி சிரப் கொடுத்தால் மையலின் வளராது

பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் 29 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை என்பதால் என் கணக்கில் அதற்கு இரண்டரை மாதம்தான். போன முறை என் முகத்தை விடாமல் பார்த்த குழந்தை, இந்த முறை கண்ணே திறக்கவில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறது என்றார் அம்மா. வலிப்பா, தொற்றா என்று பயந்து ஒவ்வொரு பரிசோதனையாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா செல்போனை நீட்டினார்.

"மையலினைத் திரும்ப வளர வைக்கிற மருந்து வந்துடுச்சாமே டாக்டர். அது கிடைக்கலை. அதே மாதிரி அலர்ஜி சிரப்னு கடையில ஒண்ணு கொடுத்தாங்க. பத்து நாளா கொடுக்கிறோம்."

மையலின் என்பது நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை; சமிக்ஞை வேகமாகப் போக உதவுவது அதுதான். சிரப்பை நிறுத்தி, ஒரு நாள் வார்டில் வைத்து மூச்சைக் கண்காணித்தோம். மறுநாள் காலையில் குழந்தை பசித்து அழுதது. இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர்கள் மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் காட்டிய செய்தி பொய்யில்லை. கிளிமாஸ்டின் ஒரு பழைய அலர்ஜி மருந்து. மையலின் சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 50 பெரியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களுடைய பார்வை நரம்பில் சமிக்ஞை கொஞ்சம் வேகமானது. கூடவே களைப்பும் வந்தது. அடுத்த வருடம், ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைத்த எலிக்குட்டிகளுக்கு அதைக் கொடுத்தபோது மையலின் உறை நன்றாகவே வளர்ந்தது. ஆனால் "எலிக்குட்டிகளுக்கு" என்ற சொல்லை மட்டும் எல்லோரும் தாண்டிப் படித்துவிடுகிறார்கள்.

சரி, எலி என்றால் என்ன வித்தியாசம்? அந்தக் குட்டிகளைப் பிறந்த சில நாட்களிலேயே ஒரு கூண்டில் வைத்து, சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜனைப் பாதியாகக் குறைத்து, சுமார் ஒரு வாரம் வளர்ப்பார்கள். எந்தக் குட்டியின் மூளைக்கு, எந்த நாளில், எவ்வளவு அடி என்று எல்லாமே தெரியும். உங்கள் குழந்தைக்கு அடி எப்போது விழுந்தது? கர்ப்பத்தில் தொற்று இருந்தபோதா, பிறந்த நிமிடத்திலா, வென்டிலேட்டரில் ஆக்ஸிஜன் ஏறி இறங்கிய இரவுகளிலா? பல சமயம் எனக்கே தெரியாது. எலி மூளையில் மையலின் நிறைந்த வெண்பொருள் சிறு பங்குதான். மனித மூளையிலோ அது ஏறக்குறைய பாதி.

இதில் நாங்களே ஏமாந்திருக்கிறோம். சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோனான எரித்ரோபொய்ட்டின், மூளையைக் காப்பதில் விலங்குகளில் அவ்வளவு அழகாக வேலை செய்தது. 900-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்து 2020-லும், மூச்சுத் திணறிப் பிறந்த சுமார் 500 நிறைமாதக் குழந்தைகளிடம் சோதித்து 2022-லும் முடிவுகள் வந்தன. இரண்டு முறையும் பலன் இல்லை. நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33-34 டிகிரியில் வைக்கும் குளிர்விப்பு ஒன்றுதான், அதுவும் வசதியான நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளில், தேறி நிற்கிறது. வீட்டுக்குப் போன பிறகு செய்கிற காரியமில்லை அது.

குறைமாதக் குழந்தைகளில் மையலினைச் சுற்ற வேண்டிய செல்களில் பல, ஆக்ஸிஜன் குறையும்போது செத்துவிடும். அவற்றின் இடத்துக்குப் புதிய செல்கள் வந்துவிடுகின்றன. வந்தவை பாதி வளர்ச்சியில் நின்றுவிடுவதுதான் சிக்கல். அந்தத் தடையை எடுத்துவிடும் மருந்து, குழந்தைகளுக்கு என்று நிரூபிக்கப்பட்டது, இன்று எந்தக் கடையிலும் இல்லை. மையலின் கொழுப்பால் ஆனது, ஆகவே கொழுப்புச் சொட்டு மருந்து கொடுக்கலாம் என்பவர்களுக்கு: மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அழுத்த ஆக்ஸிஜன் அறை பற்றியும் கேட்கிறார்கள். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கெடும் நிலை) உள்ள குழந்தைகளிடம் நடந்த சோதனை 2001-லேயே வந்துவிட்டது. அழுத்தம் லேசாகக் கூட்டிய வெறும் காற்றைச் சுவாசித்தவர்களைவிட, அழுத்த ஆக்ஸிஜன் பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறவில்லை.

தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி சிரப்பைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன். மூச்சு மெதுவாகும், சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரலாம். அந்த வகையைச் சேர்ந்த புரோமெத்தசினை இரண்டு வயதுக்குக் கீழே தொடவே கூடாது.

செய்ய வேண்டியவை இருக்கின்றன, சுவாரசியமாக இருக்காது, அவ்வளவுதான். இரும்புச்சத்தும் தைராய்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் எது குறைந்தாலும் மையலின் வளர்ச்சி பின்தங்கும். திருத்திய வயது (பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது) மூன்று மாதம் ஆனதும், குழந்தை விழித்து மல்லாந்து படுத்திருக்கும்போது மூன்று நிமிட வீடியோ எடுத்து வாருங்கள். பொம்மையெல்லாம் காட்டாதீர்கள், சும்மா விட்டுவிடுங்கள். கைகால்களில் அந்த வயதுக்குரிய சின்னச் சின்ன அசைவுகள் இருக்கின்றனவா என்பது, எம்.ஆர்.ஐ. அறிக்கைக்குச் சமமாக எனக்கு உதவும். ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையால் மட்டும் எல்லாவற்றையும் எடுத்தால், "இடதுகைக்காரன்" என்று சந்தோஷப்படாமல் உடனே வாருங்கள். பயிற்சியை, நோய்க்குப் பெயர் வைக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், வீட்டில் என்னென்ன கொடுக்கிறீர்களோ, எல்லா பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.