இரண்டாவது கையெழுத்து

ஊராட்சித் தலைவராக இரண்டு முறை இருந்தவன் நான். புதிதாகப் பதவிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நிதி வாங்குவது எப்படி என்றுதான். துணைத் தலைவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு எதிராக வேலை செய்தவரே துணைத் தலைவராக வந்தார். அப்போது ஊராட்சிக் காசோலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும்.

முதல் கோடையிலேயே மாட்டிக்கொண்டேன். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. அவசரமாகச் சரிசெய்து, பில்லையும் காசோலையையும் செயலர் மூலம் அவர் வீட்டுக்கு அனுப்பினேன். கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நாலு பேரிடம் புலம்பினேன். ஒரு வாரம் போனது. சரி, வேறு வழியில்லை என்று நானே போனேன்.

திண்ணையில் பில்லை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, புதுக் கம்பிக்குக் காசு போட்டிருக்கான். எரிஞ்சுபோன பழைய கம்பி எங்க? செம்புல்ல அது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. "விசாரிச்சுட்டு வர்றேன் அண்ணே" என்று எழுந்து வந்தேன். பழைய கம்பி மெக்கானிக்கிடமே இருந்தது. அதன் விலையைக் கழித்து வேறு பில் வாங்கினோம். அன்றே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எந்த வேலையானாலும் தொடங்கும் முன்பே அவரை அழைத்துப்போய்க் காட்டிவிடுவேன். நண்பர்களாகிவிட்டோமா என்றால், இல்லை. அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து நின்றார்.

மக்களின் கையெழுத்துக்கும் இதே கதைதான். என் காலத்தில் கிராம சபை ஆண்டுக்கு 4 முறை கூடும். இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து 6 ஆகியிருக்கிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வர வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பெரும்பாடு என்பதால், முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. நானும் செய்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. தயவுசெய்து அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா அப்படித்தான் அடம்பிடித்தார். செயலர் சலித்துக்கொண்டே வாசித்தார். அந்த அம்மா எழுந்து நின்று கேட்ட தெருவிளக்கு அதில் இல்லவே இல்லை. அங்கேயே சேர்த்து எழுதி, மறுபடி வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கினார்.