ஃபேன்டஸி: வேரும் பொருளும், திரையில் அது படும் பாடும்

ஃபேன்டஸி என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. அங்கே ஃபன்டாசியா என்றால் மனக்கண்ணில் எழும் தோற்றம். ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது பிறந்தது என்றார் அரிஸ்டாட்டில்; வெளிச்சம் இல்லாமல் எதையும் பார்க்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஊர்க் கடைப்பலகைகளில் இருக்கும் 'ஃபேன்சி'யும் இதே சொல்லின் சுருக்கம்தான்.

இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு ஆழமான விளக்கம் தந்தவர் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை பின்னர் கட்டுரையாக வந்தது. 'பச்சைச் சூரியன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படி ஒளிரும் ஓர் உலகத்தைக் கட்டுவதுதான் கடினம் என்பது அதன் சாரம். நம் அணியிலக்கணம் இதன் முதல் படியை இல்பொருள் உவமை என்கிறது. பள்ளிப் பாடத்தில் வரும் 'கொம்பு முளைத்த குதிரை' நினைவிருக்கும். உவமையில் அந்தக் குதிரை ஒரு கணம் பாய்ந்தால் போதும். ஃபேன்டஸியில் அது தின்ன வேண்டும், தூங்க வேண்டும், அதற்கு லாயம் வேண்டும். அதே கட்டுரையில் டோல்கீன் ஃபேன்டஸி சொற்களுக்கே உரியது, நாடக மேடைக்கு ஒவ்வாதது என்றும் சொன்னார்.

சினிமாவுக்கும் அது ஏன் ஒவ்வாமல் போகிறது? ஃபிலிப் புல்மனின் நாவலை வைத்து 2007-இல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' படத்தைப் பார்க்கலாம். அந்த உலகத்தில் மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே ஒரு விலங்காக உடன் வரும். அதற்கு டீமன் என்று பெயர். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்த அரக்கன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். நாவலில் ஒரு சிறுவன் டீமன் இல்லாமல், ஒரு காய்ந்த மீனை இறுகப் பற்றிக்கொண்டு குடிசையில் கிடப்பான். படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். டீமன் இல்லாத மனிதன் தலையில்லாத உடலுக்குச் சமம் என்று அதுவரை வந்த பக்கங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. படத்திலும் டீமனை இழந்த சிறுவன் வருகிறான். ஆனால் திரையில் தெரிவது விலங்கு இல்லாத ஒரு பையன். அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் அப்படித்தானே இருக்கிறோம்!

ஏறக்குறைய 400 பக்க நாவல் இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்கப்பட்டது. அப்புறம் நாவலின் அந்தக் கசப்பான முடிவு. அதைப் படமாக்கியும் அடுத்த பாகத்துக்கென்று வெட்டி வைத்தார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் மட்டும் கிடைத்தது. தொழில்நுட்பம் போதாததால்தான் இப்படங்கள் தோற்கின்றன என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இந்த ஒரு விருதே போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய பெயர் மாயாஜாலப் படம். 'பாதாள பைரவி' போன்ற படங்களுக்கு அது பொருந்தியது. மந்திரவாதி என்ன செய்வான், பலி எதற்கு என்பதெல்லாம் பார்வையாளருக்கு முன்பே தெரிந்த விதிகள். விதிகளையே புதிதாகக் கற்பிக்கும் நாவல்களுக்கு அந்தப் பெயர் போதாது.

கனவுருப்புனைவு என்ற சொல்லும் இணையத்தில் புழங்குகிறது. அழகான சொல், ஆனால் தவறான திசையைக் காட்டுகிறது. கனவில் எதுவும் நடக்கலாம், காரணம் கேட்க முடியாது. டோல்கீனும் கனவு என்று சொல்லி முடிக்கும் கதைகளைத் தம் வகையிலிருந்து விலக்கியே வைத்தார். அவருடைய மோதிரக் கதையைப் பீட்டர் ஜாக்சன் எடுத்தபோது, படப்பிடிப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே நியூசிலாந்தில், கதையில் வரும் குள்ள மனிதர்களான ஹாபிட்களின் ஊரில் தோட்டம் போட்டு வளரவிட்டார்கள். செடிகள் நேற்று நட்டவை போலத் தெரியக்கூடாது என்ற அந்தக் கவனத்துக்கும் கனவுக்கும் சம்பந்தமில்லை. மூன்று படங்களாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதால் அந்த உலகத்தில் ஊன்றி நிற்கவும் நமக்கு நேரம் கிடைத்தது.

என் தேர்வு மிகுபுனைவு. புனைதல் என்றால் தொடுத்தல், கட்டுதல், அழகு செய்தல். மாலை புனைகிறோம், வேடம் புனைகிறோம். கைவேலையின் பொறுமை அந்த வினையிலேயே இருக்கிறது. 'மிகு' என்பது நடப்புலகைத் தாண்டியது என்பதைக் காட்டும். மிகைப்புனைவு என்று எழுதினால் மிகைப்படுத்தல் என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. வகையைச் சொல்ல மிகுபுனைவு, நூலைச் சொல்ல மிகுபுனைவு நாவல், திரைக்கு மிகுபுனைவுப் படம் என்று எழுதலாம்.