கிணற்றுக்கு மீன் கேட்டால் புகை அடிக்கிறார்களா? மனு எழுதும் முன் இதைப் படியுங்கள்

கிணற்றில் கொசுப்புழு நெளிகிறது என்று மனு கொடுத்தால், தெருவில் புகை மருந்து அடித்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிடுகிறார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கும் புழு சில நாளில் கொசுவாகக் கிளம்பிவிடும். அந்தப் புழுவைத் தின்னும் சின்ன மீன்கள்தான் கம்பூசியாவும் கப்பியும். அதனால் முதல் வரியிலேயே, 'கம்பூசியா அல்லது கப்பி மீன் விட வேண்டும், புகை மட்டும் போதாது' என்று எழுதுங்கள்.

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே, கொசுவைக் கட்டுப்படுத்தும் வழிகளில் உயிரியல் முறையையும் (மீன் விடுவது போன்றது) சொல்லியிருக்கிறது. கொசு வளரும்படி தண்ணீர் தேங்க விடக்கூடாது என்ற தடை தனிநபருக்கு மட்டுமல்ல, உள்ளாட்சிக்கும்தான். தெருச் சாக்கடைக்கு அவர்களே பொறுப்பு.

சொந்தக் கிணறு என்றால் ஒரு சிக்கல். பொறுப்பு உரிமையாளருடையது, மனு கொடுத்தவர் பெயருக்கே நோட்டீஸ் வரலாம். வந்தால் எழுத்தில்தான் வர வேண்டும், குறைந்தது 24 மணி நேரம் அவகாசம் தர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி அபராதம் கட்டாதீர்கள்.

ஊராட்சியில் கேட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் என்பார்கள், அங்கே போனால் 'மீன் ஸ்டாக் இல்லை' என்பார்கள். சுகாதார ஆய்வாளர், ஊராட்சி இருவர் பெயருக்கும் ஒரே மனுவைக் கொடுத்து, இரண்டு நகலிலும் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நகர்ந்தால் சரி; இல்லையென்றால் முதல்வர் உதவி எண் 1100-இல் பதிவு செய்யுங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அதற்கும் மசியாவிட்டால், கடைசியாக எந்தக் கிணறுகளில் எத்தனை மீன் விட்டார்கள் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

மனுவில் கிணற்றின் விட்டத்தை எழுதுங்கள். சுற்றளவில் மீட்டருக்கு 5 முதல் 10 மீன் என்பது கணக்கு. 3 மீட்டர் விட்டமென்றால் சுற்றளவு ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர். ஐம்பதுக்குக் குறையாமல் வேண்டும். நாலைந்து மீனைப் போட்டுவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

மீன் விட்ட மறுநாளே இன்னொரு ஊழியர் வந்து பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. குளோரினில் அத்தனை மீனும் செத்து மிதக்கும். எந்தத் தேதியில் கொட்டுவார்கள் என்று முன்பே கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, இரண்டு மீனை ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகு மிச்சத்தை விடுவது நல்லது. மீன் வந்த பையை முதலில் கிணற்றுத் தண்ணீரில் மிதக்க விட்டு, சூடு சமமானதும் திறக்க வேண்டும். உச்சி வெயிலில் வேண்டாம். அழுக்குத் தண்ணீரென்றால் கப்பியைக் கேளுங்கள், கம்பூசியா தாங்காது.

குளம், ஏரி, ஆற்றில் கம்பூசியாவை விடவே கூடாது. நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது தின்றுவிடும்.

டயர், தேங்காய்த்தொட்டி, பூந்தொட்டித் தட்டுக்கு மீன் கேட்டு அலையாதீர்கள். டெங்குக் கொசு அங்கேயும் முட்டையிடும். வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும்.