கேரவன்: சாத்தா, வண்டிவீடா?

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர் ஏறி உட்காரும் ஏசி வண்டி. பிரிட்டனில் அது காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். விடுமுறைக்கு அதை இழுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் தங்களுக்குள் சுருக்கமாக ‘வேன்’ என்பார்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. முதலில் சொல்லின் கதை.

மூலச்சொல் பாரசீகத்தின் ‘கார்வான்’. வழிப்பறிக்குப் பயந்து கூட்டமாகப் பாலையைக் கடக்கும் வணிகர்களையும் பயணிகளையும் குறித்தது. இடைக்காலப் பாரசீகத்தில் வரிசையாகச் செல்லும் படைக்கும் இதே சொல்தான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அடுத்த நூற்றாண்டில் கூட்டத்தை விட்டுவிட்டு, மேலே மூடிய பெரிய வண்டியைக் குறிக்கத் தொடங்கியது. அப்புறம் அதன் வாலை மட்டும் நறுக்கி எடுத்ததே ‘வேன்’. நம் தெருவில் ஹார்ன் அடிக்கும் பள்ளிக்கூட வேனும் இந்த வம்சம்தான்.

உல்லாசத்துக்கென்று கேரவன் கட்டிக்கொண்ட முன்னோடி, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். 1885இல் பிரிஸ்டலில் செய்வித்த தன் வண்டிக்கு ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்து, இரண்டு குதிரைகள் பூட்டி ஸ்காட்லாந்து வரை போனார். 1907இல் கேரவன் கிளப் தொடங்கப்பட்டது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் பக்கம் கேரவன் போட்டுத் தங்குகிறவர்களின் பேச்சு, எங்கே தொடங்கினாலும் விமானத்தில்தான் போய் நிற்கும். காரணம், அங்குள்ள கானிங்ஸ்பி விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லாங்காஸ்டர் விமானங்களை இன்றும் பறக்கும் நிலையில் அங்கே வைத்திருக்கிறார்கள். லாங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் நான்கு மெர்லின் எஞ்சின்களின் உறுமல் கேட்டால் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். உலகில் பறக்கக்கூடிய லாங்காஸ்டர் இரண்டே இரண்டு, மற்றது கனடாவில். அப்புறம் அப்பா எந்தத் தளத்தில் இருந்தார், தாத்தா எந்த விமானத்துக்குக் குண்டு ஏற்றினார் என்று பேச்சு நீளும்.

அந்தப் போர் நினைவுகளிலும் ஒரு கேரவன் உண்டு. குண்டுவீச்சுத் தளங்களில் ஓடுபாதையின் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சிறிய வண்டி ஒன்று நிற்கும். எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் ரேடியோவில் பேச்சு கிடையாது. அந்த வண்டியிலிருந்து பச்சை விளக்கு மின்னினால்தான் விமானம் கிளம்பும். தளத்துப் பணியாளர்கள் அதன் பக்கத்தில் கூடி நின்று கையசைத்து அனுப்புவார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் அந்தப் போரில் இறந்தவர்கள் 55,573 பேர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய பொருளுக்கு நம்மிடம் அசலான சொல் இருக்கிறது: சாத்து. வடமொழி ‘சார்த்த’ என்பதன் வழி வந்தது என்பர். உப்பு வணிகர் கூட்டத்தை ‘உமண் சாத்து’ என்கிறது அகநானூறு. அவர்கள் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்பை வழியில் வருகிற வேறு ஆட்கள் பயன்படுத்துவதையும் காட்டுகிறது. கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான், பெரிய வணிகச் சாத்தின் தலைவன். ஆனால் சாத்து என்பது ஆட்களின் கூட்டம். காருக்குப் பின்னால் வரும் ஒற்றை வண்டியைச் சாத்து என்றால் சொல்லுக்கும் மரியாதை இல்லை, வண்டிக்கும் இல்லை.

‘கூண்டுவண்டி’ நெருங்கி வருகிறது. மேலே மூடிய வண்டி என்பது சரி, ஆனால் அதைக் கேட்டதும் மாடுதான் நினைவுக்கு வரும். ‘இழுவை வீடு’ பொருளில் துல்லியம், வாயில் நிற்காது. என் ஓட்டு ‘வண்டிவீடு’க்கு. ஸ்கெக்னெஸ் போன்ற கடற்கரை ஊர்களில் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் ‘ஸ்டேட்டிக்’ கேரவனுக்கும் இது பொருந்தும். நகராத வண்டி என்ற முரண் ஆங்கிலத்திலேயே இருப்பதுதானே.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் போர் அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் கேரவன்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு இத்தாலியத் தளபதிகளிடமிருந்து பிடித்தவை. போர்க்களத்தில் அவர் படுத்துறங்கியதைத் தாராளமாக வண்டிவீடு எனலாம். ஓடுபாதையில் நின்றதில் யாரும் குடியிருக்கவில்லை. அது கட்டுப்பாட்டு வண்டி. நடிகருடையதை ஒப்பனை வண்டி என்றால் போதும்.