எஸ்கார்: தழும்பு அல்ல, கரும்பொருக்கு

உண்ணிக் கடியால் வரும், ரிக்கெட்சியா என்னும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் காய்ச்சலைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர், கடிவாயில் தோன்றும் கறுத்த புண்ணான 'எஸ்கார்' என்பதைத் 'தழும்பு' ஆக்கிவிடுகிறார்கள். நோயைப் பிடித்துக் கொடுக்கும் முதல் தடயமே அந்த எஸ்கார்தான். அதன் பெயரிலேயே பிழை.

கிரேக்கத்தில் 'எஸ்காரா' என்றால் கணப்படுப்பு. தீப்புண்ணின் மேல் கருகி நிற்பதற்கும் அதுவே பெயராயிற்று. தழும்பைக் குறிக்கும் 'ஸ்கார்' என்ற ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான். வேர் ஒன்றானாலும் பொருள் என்றோ பிரிந்துவிட்டது.

தழும்பு என்பது புண் ஆறியபின் மிஞ்சுவது. வடுவும் அப்படியே. எஸ்காரோ காய்ச்சல் அடிக்கும்போதே தோலில் இருக்கும் ஆறாப் புண். கடிவாயில் புகுந்த பாக்டீரியா நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்க, அவ்விடத்துத் தோல் மடிகிறது. முதலில் சிறு பரு, பிறகு புண், கடைசியில் சிவந்த விளிம்புக்குள் கறுத்துக் காய்ந்த ஏடு. சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரை இருக்கும். பெரும்பாலும் வலிக்காது. அதனால் நோயாளிக்கே தெரிந்திராது. அவரிடம் போய் "உடம்பில் தழும்பு உண்டா?" என்றால், என்றோ விழுந்து அடிபட்டதைத்தான் காட்டுவார்.

'கரும்புள்ளி' என்பாரும் உண்டு. பிரெஞ்சு மருத்துவ வழக்கை அப்படியே பெயர்த்தது அது. இந்நோயில் உடம்பெங்கும், உள்ளங்கை உள்ளங்காலில்கூட, சிவந்த புள்ளிகள் தோன்றலாம். அதுவும் புள்ளி, இதுவும் புள்ளி என்றால் படிப்பவர் எதைத் தேடுவார்? 'பக்கு' அருமையான சொல்தான். ஆனால் அது புண்ணின் மேல் ரத்தமும் நீரும் உலர்ந்து கட்டுவது. இங்கே மடிந்திருப்பது தோலே. அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது இந்தப் புண்ணின் படத்தைப் பார்க்க வேண்டும்.

'கரும்பொருக்கு' என்பதே பொருந்தும். நிறம், காய்ந்த தன்மை, பெயர்ந்து வரக்கூடியது என்பது மூன்றும் அதில் இருக்கின்றன. "கறுத்த பொருக்கோடு ஏதாவது புண் இருக்கிறதா?" என்று கேட்டால் யாருக்கும் விளங்கும். கேட்டதோடு நிற்காமல் தேடவும் வேண்டும்: அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம், மார்பகத்தின் அடி, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின், தலைமுடிக்குள். ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து வெறும் புண் மட்டும் தெரியலாம். அருகிலுள்ள நிணநீர்க்கணு வீங்கியிருந்தால் அந்தப் பக்கம் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் இந்தப் பெயர் முக்கியம். பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி, அடிப்புண்ணில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவார்கள். உதிர்ந்த பொருக்கையும் அனுப்பலாம். 'தழும்பிலிருந்து மாதிரி எடுக்கவும்' என்று எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு எதைத் தூக்குவது? ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையும் உண்டு. ஆனால் முதல் வாரத்தில் அது போதிய அளவு ஏறியிருக்காது. முடிவு எதிர்மறையாக வந்தாலும் நோய் இல்லை என்றாகாது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் எடுத்த இரண்டாம் ரத்த மாதிரியில் எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்தால்தான் இச்சோதனையில் உறுதி. அதுவரை காத்திருக்க முடியாது. சந்தேகம் வலுத்ததுமே மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவார். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 100 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. கரும்பொருக்கு இல்லை என்பதற்காகவும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ரிக்கெட்சியா காய்ச்சல்களில் ஒன்றான ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலில் கரும்பொருக்கு அரிதாகவே தோன்றும்.