சோம்பல் ஊர் நாடகம் குழந்தைகளிடம் எப்படி எடுபடுகிறது?

ஐஸ்லாந்தின் ஏரோபிக்ஸ் வீரர் மாக்னுஸ் ஸ்கேவிங் எழுதிய சிறுவர் கதையொன்று, 1996ஆம் ஆண்டு தலைநகர் ரெய்க்யவிக்கில் ‘ஆவ்ரம் லாட்டிபைர்’ என்னும் இசை நாடகமாக (‘லாட்டிபைர்’ என்றால் சோம்பல் ஊர்) மேடையேறியது. பின்னாளில் பல நாடுகளில் ஒளிபரப்பான ‘லேஸிடவுன்’ தொடருக்கு இதுவே வேர். சோம்பேறிகளின் ஊருக்கு வரும் ஒரு மாயமனிதன் அங்குள்ள குழந்தைகளை ஓடியாடவும் காய்கனி உண்ணவும் வைப்பதே கதை. அறிவுரை என்றாலே முகம் சுளிக்கும் வயதினரிடம் இது எடுபடுவதற்கு உளவியலில் விளக்கம் உண்டு.

பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அவ்வாறே அடித்ததை, 1961இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா குழுவினர் காட்டினர். பார்த்துக் கற்பதற்குக் கவனம், நினைவு, செய்யும் திறன், செய்யத் தூண்டும் காரணம் ஆகிய நான்கும் வேண்டும் என்று பண்டுரா பின்னர் வகுத்தார். மாயமனிதனாக நடித்த ஸ்கேவிங் கண்ணெதிரே குட்டிக்கரணம் அடிக்கும்போது கவனம் தானாகவே வந்துவிடுகிறது. நினைவைப் பாட்டு பார்த்துக்கொள்கிறது.

சிக்கல் மூன்றாவதான செய்யும் திறனில்தான் இருக்கிறது. பறந்து பாயும் நாயகனைக் கண்டு வியக்கும் குழந்தை, ‘இது என்னால் ஆகாது’ என்றும் முடிவுகட்டிவிடலாம். என் பார்வையில் நாடகத்தின் உண்மையான நாயகர்கள் உடல் வளையாத சோல்லாவும், இனிப்பை விடமுடியாத சிக்கியும், கணினி விளையாட்டே கதியென்று கிடக்கும் கோக்கியும்தான். தன் வயதொத்த ஒருவர் முதலில் தடுமாறிப் பிறகு தேறுவதைப் பார்க்கும்போது, பிசகின்றிச் செய்பவரைப் பார்ப்பதைவிடக் குழந்தையின் தன்னம்பிக்கை கூடுதலாக வளரக்கூடும் என்று கற்றல் ஆய்வுகள் கூறுகின்றன.

நான்காவது, செய்யத் தூண்டும் காரணம். 1999இல் வந்த அடுத்த நாடகத்தில் கிளான்னி என்ற வில்லன் நுழைந்தான். வில்லனைப் பார்த்தும் குழந்தைகள் கற்கத்தானே செய்வார்கள்? கற்பார்கள், ஆனால் தண்டனை பெற்றவரின் செயலை அவர்கள் குறைவாகவே செய்துகாட்டினர் என்பது பண்டுராவின் 1965ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. அதனால்தான் கிளான்னியின் சூழ்ச்சி தோற்றாக வேண்டியிருக்கிறது.

நாக்கின் கதையோ வேறு. புதிய காயொன்று குழந்தைக்குப் பிடிப்பதற்கு அதைப் பார்த்தால் மட்டும் போதாது, பலமுறை சுவைத்தாக வேண்டும். பத்து முறைக்கு மேலும் தேவைப்படலாம். ஒரு மாலை நேர நாடகத்தால் முதல் வாயை உண்ணவைக்க முடியும், அவ்வளவே. பின்னாளில் லாட்டிபைர் குழுவினர் ஐஸ்லாந்தில் நடத்திய இயக்கத்தில், குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிடும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, மீதி வேலையை வீட்டுச் சாப்பாட்டு மேசையிடம் ஒப்படைத்தனர்.