மரவள்ளி மாவுப்பூச்சி அடுத்து எங்கே? வரைபடம் காட்டுவதும் காட்டாததும்

மரவள்ளியைத் தாக்கும் அயல்நாட்டு மாவுப்பூச்சி 2020 ஏப்ரலில் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டபோது, பயிர்ப் பாதுகாப்புத் துறையில் இருப்போருக்கு அது முற்றிலும் எதிர்பாராத செய்தியாக இல்லை. 2008இல் தாய்லாந்துக்குள் நுழைந்த இப்பூச்சி ஆசியாவில் இன்னும் எங்கெல்லாம் நிலைகொள்ளக்கூடும் என்பதைக் கணித்த ஆய்வொன்று 2012இலேயே வெளிவந்திருந்தது. ஆண்டு முழுவதும் இது பெருகுவதற்கு ஏற்ற தட்பவெப்பம் கொண்ட மரவள்ளிப் பகுதிகள் என்று அதில் குறிப்பிடப்பட்டவற்றுள் கர்நாடகத்தின் தென்கோடியும் ஒன்று.

இத்தகைய கணிப்புக்குக் கிளைமெக்ஸ் என்ற மென்பொருள் பயன்படுகிறது. பூச்சி எந்த வெப்பத்தில் வளரும், எவ்வளவு ஈரத்தைத் தாங்கும், எந்தக் குளிரில் மடியும் என்பவற்றை அதற்குக் கொடுத்தால், பல ஆண்டு வானிலைப் பதிவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்திலும் அது தாக்குப்பிடிக்குமா என்பதை மதிப்பெண்ணாகத் தரும். அந்த மதிப்பெண்களைக் கொண்டே வரைபடம் போடப்படுகிறது. மரவள்ளி மாவுப்பூச்சி வறண்ட மாதங்களில் பெருகி, கனமழையில் குறைந்துவிடும் இயல்புடையது. ஆணின் துணையின்றியே பெண் முட்டையிடுவதால், புதிய ஊரில் குடியேற ஒரே ஒரு பூச்சி போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைபடம் தனித்துச் சுட்டிய தென்கர்நாடகத்தில் அல்ல, பருவமழை கொட்டும் திருச்சூரில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. பூச்சி எங்கே வாழ முடியும் என்பதைத் தட்பவெப்பம் சொல்லும். எந்த வழியாக, எப்போது வரும் என்பதைச் சொல்லாது. அந்த வழி பெரும்பாலும், நடுவதற்காக வெட்டப்படும் தண்டுத் துண்டுகளான விதைக்குச்சிகளின் கட்டுகளில்தான் இருக்கிறது. குங்குமரோஸ், முள்ளுவாடி போன்ற இரகங்களின் குச்சிகள் மாவட்டம் விட்டு மாவட்டம் லாரியில் செல்கின்றன. கணுவில் உள்ள மொட்டின் இடுக்கை உருப்பெருக்கியால் பார்த்தால், வெண்மாவு பூசிய இளஞ்சிவப்புப் புள்ளிபோல் ஒரு குஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வெறுங்கண்ணுக்கு அது தூசுதான்.

கணிப்பைப் படிக்கும்போது பலரும் தவறவிடுவது பாசனத்தை. சேலம், நாமக்கல் பகுதிகளில் கோடையிலும் சொட்டுநீரில் மரவள்ளி பசுமையாக நிற்கிறது. பூச்சிக்கு உணவு கிடைக்கிறது, அதைக் கழுவித் தள்ளும் மழையோ இல்லை. பாசனத்தைக் கணக்கில் கொள்ளாமல் வானிலைப் பதிவுகளை மட்டும் கொண்டு போடப்பட்ட வரைபடம் இந்த வயல்களை உள்ளபடி காட்டாது. எனவே அதன் மீது பாசனப் பரப்பையும் குச்சி வாங்கி விற்கும் தடங்களையும் சேர்த்து வரைந்தால்தான், எந்த வட்டாரத்தில் முதலில் கண்காணிப்பது என்பதை உருப்படியாக முடிவு செய்ய முடியும் என்பது என் கருத்து.

விவசாயிகள் செய்யக்கூடியது குச்சி வாங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. நுனி இலைகள் சுருண்டு, கணுவிடை குறுகிக் கொத்தாகத் தெரியும் வயலிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது. வெளியூர்க் குச்சியை, பரிந்துரைக்கப்பட்ட பூச்சிக்கொல்லிக் கரைசலில் நனைத்த பிறகே நட வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சியும் மரவள்ளியில் வரும் என்றாலும் அதன் உடல் மஞ்சள் நிறம். இளஞ்சிவப்பாக இருந்தால் தோட்டக்கலை அலுவலருக்கு உடனே தெரிவிப்பது நல்லது.

மரவள்ளி மாவுப்பூச்சியை ஆப்பிரிக்காவில் அடக்கியது, தென்னமெரிக்காவிலிருந்து 1981இல் கொண்டுசெல்லப்பட்ட அனாகைரஸ் லோபெசி என்னும், அப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் சிறு ஒட்டுண்ணிக் குளவி. அதே குளவியைத் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடத் தொடங்கியது. குளவி விட்ட வயலில் கண்டபடி மருந்தடித்தால் முதலில் அழிவது அதுதான். தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி எரிக்கச் சொல்வது வழக்கம் என்றாலும், பூச்சிகள் பழுப்பேறி விறைத்து உப்பியிருந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். அந்த நுனிகளை எரிக்காமல் செடியிலேயே விட்டுவிட வேண்டும்.